எடுத்தவர் பெயர்

சென்னை
1.10.1996

அன்புள்ள அண்ணிக்கு,

சனிக்கிழமை ஆற்றுக் குழுவின் முதல் கூட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆத்துத் தண்ணி கெட்டுப் போச்சின்னு கரையில குந்திக்கினு இருக்கற எங்களுக்கே தெரியும். அத்த பாட்டில்ல புடிச்சி மெட்ராசுக்கு அனுப்பினாத்தான் உங்களுக்குத் தெரியுமா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆதாரம் என்று ஏதோ சொல்லி உட்கார்ந்துவிட்டேன். உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். தெரியாது என்று எழுதி வைத்துவிட்டு மேலே போகிறேன்.

நீங்களும் அண்ணனும் நலம் என்பதை நேரில் பார்த்தேன். எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையால் அடங்கியிருக்கிறது. வேறு சொல்லும்படி இல்லை.

ஜவ்வரிசி ஆலை, மலையில் அதற்கு மரவள்ளிக் கிழங்கு போடுகிறவர்கள், ஆற்றுப் பாசனக்காரர்கள், கரையோரக் குடும்பங்கள் என்று நான்கு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஆற்றைத் திருத்துவது ஆட்சியரின் யோசனை. இப்படிப்பட்ட குழுக்கள் இரண்டில் ஏற்கெனவே இருந்திருக்கிறேன். இரண்டிலும் டீ நன்றாக இருந்தது. ஆனால் இந்தக் குழுவில் ஒன்றை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மார்ச் முடிய ஆறு மாதம் வாராவாரம் தண்ணீரை எடுத்து எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். முடிவு மோசமாக இருந்தால், சுத்திகரிப்புத் தொட்டி கட்டாமல் ஜவ்வரிசி ஆலை அடுத்த பருவத்துக்குக் கதவைத் திறக்கக் கூடாது. நன்றாக இருந்தால் குழு கலைந்துவிடும்.

தண்ணீர் எடுக்கிற வேலையை உங்களுக்குக் கொடுத்ததை நான் எதிர்த்தேன். நீங்கள் என் வீட்டு மனுஷி. அண்ணனோ இருபது வருடமாக அந்த ஆலையின் மாவுத் தொட்டியில் வேலை செய்கிறார். மலைக்காரர்கள் சார்பில் வந்த வேடியப்பன்தான் பிடிவாதமாக நின்றார். "மேடம் வூட்டாளுன்னாத்தான் மேடத்துக்கு பயந்துகினு ஒழுங்கா செய்வாங்க" என்றார். ஆலை மேலாளர் காசிநாதனும் உடனே தலையாட்டினார். அவர் ஏன் ஆட்டினார் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. ஆலை வாய்க்கால் கல்லாற்றில் சேருகிற இடத்துக்குக் கீழே, துவைக்கிற கல் பக்கம். எங்கள் வரைபடத்தில் அது மூன்றாம் இடம். பாட்டிலை நிரப்பி மூடி, சீட்டில் இடம், தேதி, நேரம் எழுதுங்கள். 'எடுத்தவர் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். யார் எடுக்கிறார்கள் என்பது பேச்சில் தெரிந்திருப்பது வேறு, காகிதத்தில் இருப்பது வேறு. அண்ணனுக்குத் தொல்லை வரக் கூடாது. சங்கராபுரத்திலிருந்து சென்னை வருகிற பஸ்ஸின் கண்டக்டர் பாவாடையிடம் பேசியிருக்கிறேன். இங்கே என் உதவியாளர் கமலா போய் வாங்கிக்கொள்வாள். பாட்டில்களோடு கொடுத்த பெட்டிக்குள் கையுறையும் ஒரு ஜோடி இருக்கிறது.

லாட்ஜில் தங்கியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். குழு வேலையாக வந்தவள் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டால் நாளைக்கு அதையும் பேசுவார்கள்.

மார்கரெட்

*

சேசு மரி சூசை துணை

ஓடைக்காட்டூர்
15.10.96

அன்புள்ள மார்கரெட்டுக்கு அண்ணி எழுதிக்கொள்வது. இங்க நானும் உங்கண்ணனும் ஆண்டவர் புண்ணியத்துல நல்ல சுகம். உன் சுகத்துக்கு மறுகடுதாசி போடு. மாத்திரைய நேரத்துக்குப் போட்டுக்க. தனியா இருக்கறவங்க அத்தத்தான் மொதல்ல மறப்பாங்க.

மொத பாட்டில் நீ சொன்னபடி புடிச்சேன். கஞ்சித் தண்ணியாட்டம் வெள்ளையா, நொரையா இருந்துது. பாவாடை அத்த வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, இன்னாம்மா இது, இதுக்குள்ள எது செத்துக் கெடக்குதுன்னு கேட்டாரு. ஓடைக்காட்டூரு தீர்த்தம்னு வேற சொன்னாரு. பஸ்ல இருந்தவங்கல்லாம் ஒரே சிரிப்பு. எனக்கு மானமே போச்சி. இந்த வாரம் ஒழுங்கா குடுத்தேன். ஒண்ணும் சொல்லாம வாங்கி வச்சிக்கினாரு.

நீ நம்ம வாசலத் தாண்டி ஜீப்புல போனத பக்கத்து வூட்டு சாலம்மாள் பாத்துட்டு, உங்க நாத்தனாருக்கு வழி மறந்து போச்சான்னு கேட்டா. மறக்கல, வேலையா வந்திருக்குதுன்னு சொன்னேன்.

நீ வந்தா படுக்கறதுக்குன்னு வச்ச பாயி சுருட்டினபடியே இருக்குது. எலி கடிக்காம பாத்துக்கினு வரேன்.

வேற விசேஷம் இல்ல.

இப்படிக்கு அண்ணி இசபெல்லா

*

சென்னை
20.11.1996

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு பரவாயில்லை. தேர்வுத் தாள்கள் மேசை நிறைய இருக்கின்றன.

பாட்டில்கள் ஒன்று தவறாமல் வந்து சேர்கின்றன. முதல் பாட்டிலில் கலங்கல் அளவு ஆயிரத்து நூற்று நாற்பது இருந்தது. அடுத்த வாரமே நூற்று முப்பது. அதற்குப் பிறகு அந்த அளவைத் தாண்டவே இல்லை. மழைக்கு ஆறு பெருகியிருக்கும், எல்லாம் நீர்த்துப் போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் மழை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நீர்க்க வைக்கும். ஆலை மாவை வெளுக்கப் போடுகிற அமிலம் முதல் வாரம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இப்போதும் இருக்கிறது. நாற்றமும் குறையவில்லை என்கிறாள் கமலா. நாற்றத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

மாதாமாதம் முடிவுகளை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பிவிட்டேன்.

கிறிஸ்துமசுக்கு நான் வருவேனா என்று சாலம்மாள் உங்களிடம் கேட்டால், விடைத்தாள் திருத்துகிறாள் என்று சொல்லுங்கள். அண்ணன் எப்படி இருக்கிறார்? அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது.

மார்கரெட்

*

சேசு மரி சூசை துணை

ஓடைக்காட்டூர்
12.12.96

அன்புள்ள மார்கரெட்டுக்கு அண்ணி எழுதிக்கொள்வது. நாங்க சுகம். உன் சுகம் தெரிஞ்சி சந்தோஷம்.

உங்கண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. மலைக்குப் போயிருக்காரு, கிழங்கு புடுங்கற எடத்துக்கு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா எறங்கி வராரு. வெயில் கம்மியா இருக்கறதால மலையில வேல நல்லா ஓடுதாம்.

காசிநாதன் ஒரு நோட்டீசு போட்டு மலைக்கும் அனுப்பி, இங்கயும் டீக்கடையில ஒட்டிட்டாரு. ஆறு தானா தெளிஞ்சிடுச்சி, மெட்ராசு ஆராய்ச்சியே சொல்லிடுச்சின்னு போட்டிருக்குது. நீ புடிச்ச தண்ணிதானன்னு என்னாண்ட வந்து கேக்கறாங்க. ஆமான்னு சொல்றேன். எங்க ஆடு அந்தத் தண்ணியில வாயி வைக்க மாட்டேங்குது. அதுக்கு நோட்டீசு படிக்கத் தெரியல போல.

பண்டிகைக்கு வூட்டு வாசல்ல நட்சத்திரம் கட்டணும். கட்டறதுக்கு உங்கண்ணன் இருக்கணும். பாக்கலாம். திருத்தற வேலைய சீக்கிரம் முடிச்சிட்டின்னா ஒரு நாளைக்காவது வா.

இப்படிக்கு அண்ணி இசபெல்லா

*

சென்னை
6.1.1997

அன்புள்ள அண்ணிக்கு,

புது வருட வாழ்த்து. இங்கே பண்டிகை அமைதியாகக் கழிந்தது. பூசைக்குப் போய்விட்டு வந்து தூங்கினேன்.

ஒரு சந்தேகம். திங்கட்கிழமை தண்ணீர் எடுப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரவே ஆலை கழிவைத் தேக்கி வைத்துவிட்டு, பஸ் போன பிறகு திறந்துவிடுகிறதோ என்று நினைக்கிறேன். வேறு ஊர்களில் ஆலைகள் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அடுத்த வாரம் திங்கட்கிழமை எடுக்காதீர்கள். வியாழக்கிழமை எடுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். அண்ணனிடமும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கரெட்

*

சேசு மரி சூசை துணை

ஓடைக்காட்டூர்
20.1.97

அன்புள்ள மார்கரெட்டுக்கு அண்ணி எழுதிக்கொள்வது. நாங்க சுகம். கை கொஞ்சம் எரிச்சலா இருக்கறதால எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்க.

நீ சொன்னபடி வியாழக்கெழம எடுத்து அனுப்பினேன். ஒருத்தருக்கும் தெரியாது. துணி தொவைக்கற மாதிரி போயி மொண்டுக்கினு வந்துட்டேன். பாவாடை மட்டும் இன்னாம்மா கெழம மாறிப் போச்சின்னாரு. தை பொறந்தா கெழமயும் மாறும்னு சொன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு.

ஆலைக் கழிவு நிக்கவே இல்ல. திங்கக்கெழமயும் அப்படித்தான், வியாழக்கெழமயும் அப்படித்தான். எந்நேரமும் வெள்ளையாத்தான் வருது.

உங்கண்ணன் மலையிலதான் இருக்காரு. உன்னக் கேட்டதா சொல்லச் சொன்னாரு.

இப்படிக்கு அண்ணி இசபெல்லா

*

சென்னை
17.2.1997

அண்ணிக்கு,

நலம். இதை எழுதாமல் இருக்கப் பத்து நாள் முயன்றேன்.

வியாழக்கிழமைத் தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது. ஆறு எந்நேரமும் வெள்ளையாக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆற்றில் வெள்ளை, பாட்டிலில் தெளிவு. அமிலம் அப்படியே இருக்க, கலங்கல் மட்டும் மறைகிறது. ஆறு தானாக இப்படிச் செய்யாது. ஆற்றுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு கை இருக்கிறது.

அண்ணனுக்குச் சம்பளம் கொடுப்பது அந்த ஆலை. உங்கள் பெயரைச் சொன்னதும் காசிநாதன் ஏன் தலையாட்டினார் என்பது இப்போது புரிகிறது. நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது. மிரட்டியிருந்தால் அதையும் புரிந்துகொள்வேன். ஆனால் எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். நாலு மாதமாக என் கையெழுத்துப் போட்டு அந்தக் காகிதங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஏன் என்று எழுத வேண்டாம்.

மார்கரெட்

*

சென்னை
17.3.1997

அண்ணிக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. பாட்டில் மட்டும் வாராவாரம் வருகிறது. இன்றும் வந்தது. சீட்டில் உங்கள் கையெழுத்தில் மூன்றாம் இடம், தேதி, காலை ஏழு என்று இருக்கிறது. அதைத்தான் கடிதம் மாதிரி படிக்கிறேன்.

உடம்பு சரியில்லையா? கை எரிச்சல் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மார்கரெட்

*

சேசு மரி சூசை துணை

ஓடைக்காட்டூர்
25.3.97

அன்புள்ள மார்கரெட்டுக்கு அண்ணி எழுதிக்கொள்வது. சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கறேன்.

உன் கடுதாசி வந்த அன்னைக்கே படிச்சேன். பதில் எழுதக் குந்தினா கை வரல. பாட்டில நிறுத்தல. ஒத்துக்கினது ஒத்துக்கினதுதான். அது வேற, இது வேற.

தண்ணியில நான் கை வச்சேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். மொத வாரம் மட்டுந்தான் ஆத்துல நின்னுக்கினு பாட்டில்ல நேரா ரொப்பினேன். அடுத்த வாரத்துல இருந்து பானையில மொண்டாந்தேன். பானை உள்பக்கம் தேத்தாங்கொட்டைய நல்லா தேச்சி, கலங்கல் அடியில குந்தறவரைக்கும் வச்சிருந்து, மேல நின்ன தெளிவ வேட்டித் துணியில வடிகட்டி பாட்டில்ல ஊத்தினேன். மலையில இருந்து வேடியப்பன் ஊர்க்காரங்க கொண்டாந்து விக்கற கொட்டதான். நான் வாக்கப்பட்டு வந்து உங்கம்மா எனக்கு மொதமொதல்ல கத்துக் குடுத்த வேல அது. கெணத்துத் தண்ணியோ ஆத்துத் தண்ணியோ, கொட்ட தேக்காம ஒருத்தர் கையில குடுக்கக் கூடாதுன்னு சொல்லும். நான் அத்த ஒரு வேலையாவே நெனக்கல. தண்ணி மொள்றதுன்னாலே அதுவும் சேந்ததுதானே.

தண்ணி கலங்கல்னு எங்களுக்கே தெரியும். நீ கண்ணுக்குத் தெரியாததத் தேடறேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். தெளிய வச்சிக் குடுத்தா உள்ள இருக்கற வெஷம் உனக்கு சுளுவா தெரியும்னு நெனச்சேன். இன்னொண்ணும் இருக்குது. மொத பாட்டிலப் பாத்து பஸ்ஸே சிரிச்சுது. மெட்ராசுல உங்கூட வேல பாக்கறவங்க முன்னால மார்கரெட்டு பொறந்த ஊருத் தண்ணி இதான்னு வைக்க எனக்கு மனசு வரல.

ஆலைக்கு ஒத்தாச பண்ணேன்னு எழுதியிருந்த. உங்கண்ணன் ஆலையில இல்ல. நவம்பர்ல, கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரமே நிறுத்திட்டாங்க. உம் பொண்டாட்டி தண்ணி புடிக்கறத விட்டா வா, இல்லன்னா வராதன்னு காசிநாதன் சொல்லியிருக்காரு. உங்கண்ணன் வூட்டுக்கு வந்து எங்கிட்ட விட்டுடுன்னு ஒரு வார்த்த சொல்லல. மம்முட்டிய எடுத்துக்கினு மலைக்குப் போயிட்டாரு. உனக்கு எழுத வேணாம்னு சொன்னதும் அவருதான். தெரிஞ்சா உன் வேலையில உனக்கு சங்கடம்னு சொன்னாரு.

கைக்கு எண்ண போடறேன், கம்மியாயிருக்குது. நீ குடுத்த கையுற பெட்டியில பத்திரமா இருக்குது. அவ்ளோ வெள்ளையா இருந்துது. அத்தப் போயி அந்தத் தண்ணியில எறக்க மனசு வரல.

இது ஆண்டவர் பாடுபட்ட பெரிய வாரம். யார் மேலயும் மனசுல வச்சிக்கக் கூடாது. வச்சிக்கல.

இப்படிக்கு அண்ணி இசபெல்லா

*

சென்னை
5.4.1997

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்ததும் பாரிமுனையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்த் தேற்றாங்கொட்டை வாங்கினேன். மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, மண்சட்டியில் கொட்டையைத் தேய்த்து வைத்துப் பார்த்தேன். காலையில் கரைத்தது மத்தியானம் தெளிந்துவிட்டது. அளந்தேன். நூற்று இருபத்தைந்து. உங்களை நம்பாமல் செய்தேன் என்று எண்ண வேண்டாம். நம்புவதற்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அப்படி வளர்ந்துவிட்டேன்.

தவறு என்னுடையது. பாட்டிலை எப்படி மூடுவது, சீட்டில் எதை எங்கே எழுதுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நம் வீட்டில் தண்ணீர் எப்படி எடுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அந்தப் பானையிலிருந்து பதினேழு வருடம் குடித்தவள் நான். அம்மா கொட்டையைத் தேய்க்கிற சத்தம் கூட இப்போது காதில் கேட்கிறது. அக்டோபரில் கேட்கவில்லை.

காசிநாதன் அண்ணனை நிறுத்தியும் வாங்க முடியாததை, நாம் இருவரும் சேர்ந்து அவருக்குச் சும்மா கொடுத்துவிட்டோம்.

நான் எழுதிய கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதை எப்படி எழுதுவது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆகவே இந்த ஒரு வரியோடு நிறுத்துகிறேன்.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் கடைசிக் கூட்டம். ஆறு மாத முடிவுகளும் செல்லாது என்று நானே சொல்லப் போகிறேன். உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். மாதிரி எடுத்தவர் என்று மட்டும் சொல்வேன். முதல் கூட்டம் போல இது எல்லோரும் வருகிற கூட்டம் அல்ல. உறுப்பினர்களைத் தவிர யாரையும் உள்ளே விட மாட்டார்கள். வீணாக அலைய வேண்டாம். அண்ணன் வேலையைப் பற்றி அங்கே பேச உங்கள் சம்மதம் வேண்டும்.

மார்கரெட்

*

சேசு மரி சூசை துணை

ஓடைக்காட்டூர்
12.4.97

அன்புள்ள மார்கரெட்டுக்கு அண்ணி எழுதிக்கொள்வது. சுகம்.

என் பேர தாராளமா சொல்லு. ஒளிக்கறதுக்கு இன்னா இருக்குது. திருடியா வச்சேன்.

உங்கண்ணன் வேலயப் பத்தி மட்டும் பேசாத. வூட்டு வெவகாரம் சபையில எதுக்கு. அவருக்கும் இஷ்டம் இல்ல.

கூட்டம் முடிஞ்சி அஞ்சு மணிக்கு ஓடைக்காட்டூரு பஸ்சு இருக்குது. கத்திரிக்கா கொழம்பு வைக்கறேன். வந்தா சாப்புட்டுட்டுப் போவலாம்.

இப்படிக்கு அண்ணி இசபெல்லா

*

கள்ளக்குறிச்சி பஸ் நிலையம்
19.4.1997, மாலை

அன்புள்ள அண்ணிக்கு,

உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் உடனே எழுதுகிறேன்.

ஆறு மாத முடிவுகளையும் தள்ளிவிடச் சொன்னேன். காரணமும் சொன்னேன். பெயரைச் சொல்லலாம் என்று நீங்கள் எழுதியிருந்தும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பாசனக்காரர்களுக்குக் கோபம். அவர்களுக்கு ஒரு வருடம் வீணாகப் போயிற்று. காசிநாதன் எழுந்து, பல்கலைக்கழகத்தில் படித்தவர் ஒரு பாட்டில் தண்ணீரை ஒழுங்காக எடுக்கச் சொல்லித் தரவில்லை என்றால் அவர் கணக்கை இனி எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வேடியப்பன் மட்டும் சிரித்துவிட்டார். "கொட்ட தேக்காம எவன் தண்ணி குடுப்பான்? எங்க வூட்ல கேட்டிருந்தாலும் அப்படித்தான் குடுத்திருப்போம். மேடம் அத்த மொதல்லயே கேட்டிருக்கணும்" என்றார்.

பிறகு, நீங்கள் பேசாதே என்றதைப் பேசிவிட்டேன். உங்கள் சம்மதம் இல்லாமல் பேசினேன் என்பது தெரிந்தே பேசினேன். குழுவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததற்காக ஒரு வீட்டில் வேலை போயிருக்கிறது என்றேன். காசிநாதன் இது இன்றைய கூட்டத்தின் பொருள் அல்ல என்றார். வேடியப்பன் எழுந்து மெதுவாகச் சொன்னார். "எங்க கிழங்கு போற ஆலைதான். அது மூடினா எங்களுக்குத்தான் கஷ்டம், இல்லன்னு சொல்லல. ஆனா தண்ணி மொண்டு குடுத்ததுக்கு ஒரு ஆள நிறுத்தினீங்கன்னா, நாளைக்கு நாங்க ஏதாவது பேசினா எங்க வண்டியயும் நிறுத்துவீங்க இல்ல?"

அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுத வைக்காமல் அவர் உட்காரவில்லை. தண்ணீர் எடுக்கிற குடும்பத்தில் யார் வேலைக்கும் பங்கம் வரக் கூடாது என்று எழுதி, காசிநாதனும் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை அண்ணன் வரலாம் என்றார். விடுவார்களா, அண்ணன்தான் போவாரா, எனக்குத் தெரியாது.

இந்தப் பருவம் முடிகிறது. அக்டோபரிலிருந்து ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். நான்கு தரப்பிலும் ஒவ்வொருவர் நின்று பார்க்க, ஆற்றிலிருந்து நேராகப் பாட்டிலில் நிரப்ப வேண்டும். எடுப்பவர் என் சொந்தமாக இருக்கக் கூடாது என்பது காசிநாதன் கேட்டது. ஒப்புக்கொண்டேன். ஆகவே உங்கள் வேலை இன்றோடு முடிந்தது. அடுத்த பருவமும் ஆலை ஓடும். ஆறும் அப்படியேதான் ஓடும்.

நாலரை மணிக்கு வெளியே வந்தேன். வாசலில் ப்யூன் அம்மாசி ஒரு துணிப்பையை நீட்டினார். "உங்க அண்ணி வந்து ரெண்டு மணி நேரம் வேப்ப மரத்தாண்ட குந்திக்கினு இருந்தாங்க. உள்ள சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், அது பேசிக்கினு இருக்குது, பேசட்டும்னாங்க. கொழம்பு வைக்கணும், நாலு மணி பஸ்சுக்கு நேரமாச்சின்னு போயிட்டாங்க."

பையில் பாட்டில் இருந்தது. இன்றைய தேதி, மூன்றாம் இடம், காலை ஆறு. தண்ணீர் கஞ்சி போல வெள்ளையாக இருந்தது. அதோடு நான் கொடுத்த கையுறை. இந்த முறை ஈரமாக இருந்தது.

ஓடைக்காட்டூர் பஸ்ஸும் சென்னை பஸ்ஸும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தண்ணீரை ஒரு நாளுக்குள் சோதிக்காவிட்டால் அது எதற்கும் உதவாது. நான் சென்னை பஸ்ஸில் ஏறுகிறேன். குழம்பு வைத்திருப்பீர்கள்.

சென்னை
20.4.1997

நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. மீதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

பஸ்ஸில் பாவாடை பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், மறுபடியும் ஓடைக்காட்டூரு தீர்த்தமா? அக்கா ஆறு மாசமா நல்ல தண்ணியாத்தானே குடுத்துக்கினு இருந்துது" என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டார். மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகவில்லை. விடிவதற்குள் காவலாளியிடம் சாவி வாங்கி ஆய்வகத்தைத் திறந்தேன். யாரும் இல்லை. கலங்கல் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. அமிலம் எப்போதும் போல. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே எண். பழைய ஆறு மாதம் தள்ளிவிடப்பட்டது, புதிய ஆறு மாதம் தொடங்கவில்லை. ஆகவே இந்தப் பாட்டிலை எந்த அறிக்கையிலும் சேர்க்க முடியாது.

சீட்டில் எடுத்தவர் பெயர் என்ற கட்டம் வழக்கம்போல் காலியாக இருந்தது. இசபெல்லா, ஓடைக்காட்டூர் என்று பேனாவால் எழுதி, என் நோட்டில் ஒட்டினேன். கையுறையைக் கழுவி ஜன்னலில் காயப் போட்டேன். பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டேன். நேற்று மறந்துவிட்டேன்.

மார்கரெட்